சித்த மருத்துவன் சொல்கிறேன்... அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலைக் கூட்டம் ஓய்ந்து, நான் சாப்பாட்டுக்கு எழுந்த நேரம். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை தன் மகளோடு உள்ளே வந்தார். வயது நாற்பத்தெட்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது தினமும் ஒரே ஒரு மாத்திரை. டமாக்ஸிஃபென்.

"ராத்திரியில உடம்பு குபீர்னு கொதிக்குதுங்கய்யா. தலையணை நனைஞ்சு போகுது. கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை? இதை நிறுத்திட்டு உங்க மருந்துக்கே வந்துடலாம்னு பார்க்கறேன். உங்க மருந்துல பக்க விளைவே இல்லையாமே!"

என்னைப் போன்ற வைத்தியர்களுக்கு இப்படிக் கேட்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்பு, ஏறக்குறைய இதே வயதில், இதே தொந்தரவோடு ஒரு அம்மா என்னிடம் வந்தார். நாடி பார்த்தேன். பித்தம் மிகுந்திருந்தது. சீரகச் சூரணமும் நன்னாரி மணப்பாகும் எழுதிக் கொடுத்தேன். போகிற போக்கில், "அந்த ஆஸ்பத்திரி மாத்திரையை நானே நிறுத்திட்டேன்" என்றார். அது என் இலாகா இல்லை என்று நினைத்து நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மருந்தில் சூடு தணிந்தது. அந்த அம்மாவுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். மூன்று வருடம் கழித்து முதுகுவலி என்று திரும்பி வந்தார். நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாரா என்று ஒருவராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "நிறுத்தாதீங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடிந்திருக்கும். சொல்லவில்லையே!

அதற்குப் பிறகுதான், அந்த ஒரு மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களிடம் சொல்வது என் கடன் என்று நினைக்கிறேன்.

கட்டிக்குத் தீனி எது?

1896-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் ஒரு விசித்திரமான செய்தியை எழுதினார். முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்ணுக்கு சினைப்பைகளை எடுத்துவிட்டால், மார்பில் இருக்கிற கட்டி சுருங்குகிறது! சினைப்பைக்கும் மார்புக் கட்டிக்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கு யாருக்கும் விளங்கவில்லை. பின்னால்தான் தெரிந்தது: சினைப்பை சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் பல கட்டிகளுக்குத் தீனி போடுகிறது.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்ற விஞ்ஞானி இன்னொரு படி மேலே போனார். ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் எல்லா இடத்துக்கும் போனாலும், சில உறுப்புகளின் செல்களில் மட்டும்தான் தங்குகிறது. அங்கே அதைப் பிடித்துவைக்க ஒரு புரதம் இருக்கிறது என்று கண்டார். அதுதான் ரிசப்டார். தமிழில் ஏற்பி என்கிறோம். மார்பகப் புற்றுக் கட்டிகளில் பத்தில் ஏழு போல, இந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை. உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று எழுதியிருப்பது இதைத்தான்.

டமாக்ஸிஃபென் இந்த ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிற மருந்து. 1960-களில் இங்கிலாந்தில் கருத்தடை மாத்திரையாகப் பயன்படுமா என்று பார்க்கத் தயாரித்தார்கள். அதற்கு உதவவில்லை. புற்றுநோய்க்கு உதவியது! 1970-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

"ஈஸ்ட்ரோஜனின் நாற்காலியில் இந்த மருந்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். விஷயம் அதோடு முடியவில்லை.

வடம் பிடிக்கிற கைகள்

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். ஆனி மாதம் வந்தால் நெல்லையப்பர் தேரோட்டம் பார்க்க ஓடுவோம். சுவாமி தேரில் ஏறி அமர்ந்துவிட்டார் என்பதற்காகத் தேர் நகர்ந்துவிடுமா? ஆயிரக்கணக்கான கைகள் வடம் பிடித்து இழுக்க வேண்டாமா?

செல்லுக்குள்ளும் அதே கதைதான். ஏற்பி என்பது தேர். ஈஸ்ட்ரோஜன் அதில் வந்து அமர்கிறது. அமர்ந்ததும் ஏற்பியின் வடிவம் சற்றே மாறி, ஒரு பக்கத்தில் சின்னப் பள்ளம் ஒன்று தோன்றுகிறது. அதுதான் வடத்தின் நுனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடிக்க வேறு சில புரதங்கள் ஓடி வருகின்றன. இவற்றுக்கு கோ-ஆக்டிவேட்டர் என்று பெயர். நாம் 'துணைப் புரதம்' என்று சொல்லிக்கொள்வோம். நூல்கண்டு மாதிரி இறுகச் சுற்றிக் கிடக்கும் மரபணு இழையைத் தளர்த்தி, "செல்லே, பிரி! பெருகு!" என்ற கட்டளை நிறைவேறும்படி செய்வது இந்தத் துணைப் புரதங்கள்தான். இவை வராவிட்டால் ஹார்மோன் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருக்கும். வேலை நடக்காது.

டமாக்ஸிஃபென் செய்வது என்ன தெரியுமா? ஏற்பியின் வால் போன்ற ஒரு பகுதியைத் திருப்பி, அந்தப் பள்ளத்தை மூடிவிடுகிறது. வடத்தைச் சுருட்டி ஒளித்துவைத்த மாதிரி! பிடிக்க இடமில்லாமல் துணைப் புரதங்கள் வெளியே நிற்கின்றன. போதாததற்கு, முட்டுக்கட்டை போடுகிற வேறு புரதங்கள் வந்து அமர்ந்துகொள்கின்றன. 1997, 1998-ம் ஆண்டுகளில் இந்த ஏற்பியின் வடிவத்தை எக்ஸ்ரே படிக முறையில் படம் பிடித்தபோது, இது கண்ணுக்குத் தெரிகிற உண்மையாகிவிட்டது.

இப்போது அந்த ஆசிரியையின் கேள்விக்கு வருவோம். "கட்டியை எடுத்தாச்சே, இன்னும் எதற்கு?" கட்டியை எடுத்தாலும், ஸ்கேனில் தெரியாத ஒன்றிரண்டு செல்கள் உடம்பில் எங்காவது பதுங்கி இருக்கலாம். மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் ஏற்பிகள் காலியாகும். ஈஸ்ட்ரோஜன் மறுபடி ஏறி உட்காரும். வடம் வெளியே வரும். இதில் எதுவும் உங்களுக்கு வலிக்காது, தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

வாய்ப்பேச்சு வேண்டாம், கணக்கையே பாருங்கள். உலகம் முழுவதும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியிட்டார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் நோயாளிகளில் ஐந்து வருடம் டமாக்ஸிஃபென் சாப்பிட்டவர்களுக்கு, இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த நன்மை மாத்திரை நின்ற பிறகும் தொடர்ந்து, பதினைந்து வருடம் வரை தெரிந்தது. ஐந்து வருடப் பத்தியத்துக்கு இப்படிப் பலன் தரும் மருந்தை 'வெறும் மாத்திரை' என்று சொல்லலாமா?

மார்புக்கு நண்பன், கர்ப்பப்பைக்கு?

"அந்த மாத்திரை சாப்பிட்டா கர்ப்பப்பையில புத்து வருமாமே?" என்று அடுத்த கேள்வி வரும். கேட்க வேண்டிய கேள்விதான். மறைக்காமல் சொல்கிறேன். அந்த அபாயம் உண்டு, ஆனால் சிறியது. 2012-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஐந்து வருடத்தோடு நிறுத்தியவர்களையும் பத்து வருடம் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். அடுத்து வந்த பத்தாண்டுகளில் கர்ப்பப்பைப் புற்று வரும் வாய்ப்பு, நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 1.6, தொடர்ந்தவர்களில் 3.1. அதே காலத்தில் மார்பகப் புற்றால் இறப்பது நூற்றுக்கு 15-லிருந்து 12.2 ஆகக் குறைந்தது. பெரும்பாலோருக்கு லாபக்கணக்குதான். ஆனால் யாருக்கு ஐந்து, யாருக்குப் பத்து என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரே மாத்திரை மார்பில் ஹார்மோனைத் தடுக்கிறது, கர்ப்பப்பையில் ஹார்மோனைப் போலவே நடந்துகொள்கிறது. இது என்ன இரட்டை வேடம்?

இங்கேதான் எனக்கு என் குருநாதர்கள் சொல்லிக்கொடுத்த அனுபானம் நினைவுக்கு வந்தது. ஒரே பஸ்பத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் ஒரு நோய்க்கு, வெண்ணெயில் கொடுத்தால் இன்னொரு நோய்க்கு என்று எங்கள் முறையில் உண்டு. மருந்து ஒன்றுதான். துணை மாறினால் வேலை மாறுகிறது. செல்லுக்குள்ளும் அப்படித்தான் போலிருக்கிறது! 1995-ல் ஹூஸ்டன் நகரத்தின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் பெர்ட் ஓ'மாலி குழுவினர் எஸ்.ஆர்.சி.-1 என்ற துணைப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். 2002-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் சோதித்தபோது, கர்ப்பப்பைச் செல்களில் அந்தப் புரதம் மார்புச் செல்களைவிட அதிகம் இருந்தது. அதைக் குறைத்துப் பார்த்தார்கள். டமாக்ஸிஃபெனின் ஈஸ்ட்ரோஜன் வேடம் கலைந்துபோனது!

ஒப்புமை சொன்னேனே தவிர, "இதெல்லாம் எங்கள் சித்தர்கள் அன்றைக்கே சொன்னதுதான்" என்று மார்தட்ட மாட்டேன். அனுபானம் வேறு, துணைப் புரதம் வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான். ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்பதை மருந்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அது போய்ச் சேருகிற இடத்தையும், அங்கே இருக்கிற துணையையும் பார்க்க வேண்டும்.

சிலருக்கு ஏன் கேட்பதில்லை?

"எங்க சித்தி ஒழுங்காத்தான் சாப்பிட்டாங்க. அவங்களுக்குத் திரும்ப வந்ததே?" என்கிற வீடுகளும் உண்டு. உண்மை. அதற்கும் ஒரு காரணம் இந்தத் துணைப் புரதங்களில் இருக்கிறது.

1997-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஏ.ஐ.பி.-1 என்ற துணைப் புரதத்தைக் கண்டார்கள். 'மார்பகப் புற்றில் பெருகியது' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். நூற்றைந்து கட்டிகளைச் சோதித்ததில் பத்து சதவீதத்தில் அதன் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. 64 சதவீதத்தில் அது அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. வடம் பிடிக்கக் கூட்டம் முண்டியடிக்கிற நிலைமை!

2003-ல் ஹூஸ்டன் ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். ஏ.ஐ.பி.-1 அதிகமாக இருந்து, அதோடு ஹெர்-2 என்ற வளர்ச்சிப் புரதமும் அதிகமாக இருந்தால், டமாக்ஸிஃபென் சரியாக வேலை செய்வதில்லை. ஹெர்-2 அந்தக் கூட்டத்துக்கு வெறி ஏற்றிவிடுகிறது. ஒளித்துவைத்த வடத்தையும் தேடிப் பிடித்து இழுக்கிறார்கள். தடுக்க வந்த மாத்திரையையே சில சமயம் சுவாமியாக ஏற்றுக்கொண்டு தேர் ஓடிவிடுகிறது!

இதைப் படித்துவிட்டு, "அப்படின்னா இந்த மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். நேர்மாறாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏ.ஐ.பி.-1 பரிசோதனை இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. ஆனால் ஹெர்-2 பரிசோதனை எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது. அது பாசிட்டிவாக இருந்தால் அதற்கென்றே மருந்து இருக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கிற லெட்ரோசோல், அனாஸ்ட்ரசோல் இருக்கின்றன. முற்றிய நிலையில், ஏற்பியையே அழிக்கிற ஃபல்வெஸ்ட்ரன்ட் ஊசி இருக்கிறது. ஒரு வழி அடைத்தால் மறுவழி. ஆனால் அந்த வழியைத் தேர்ந்தெடுப்பது ரிப்போர்ட்டைப் பார்த்துச் செய்கிற வேலை. உடம்புச் சூட்டைப் பார்த்தோ, பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டோ, நாடியைப் பிடித்தோ செய்கிற வேலை இல்லை. நாடியில் எனக்கு எத்தனையோ தெரியும். ஏற்பி தெரியாது!

'இயற்கைதானே' என்ற எண்ணம்

இனி என் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகிறேன். சித்த மருந்தில் பக்க விளைவே கிடையாது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். விளைவு உள்ள மருந்துக்குப் பக்க விளைவும் இருக்கத்தான் செய்யும்.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள குர்குமின் சுலபத்தில் ரத்தத்தில் சேராது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் பல மடங்கு சேரும். இதனால்தான் இரண்டையும் கலந்த கேப்சூல்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. "புற்றுநோய்க்கு நல்லது" என்று கேன்சர் நோயாளிகளே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். 2019-ல் நெதர்லாந்தில் டமாக்ஸிஃபென் சாப்பிட்டு வந்த 16 பேருக்கு இந்தக் கலவையைக் கொடுத்துப் பார்த்தார்கள். டமாக்ஸிஃபென் ஈரலில் எண்டாக்ஸிஃபென் என்ற பொருளாக மாறித்தான் முழு வேலையும் செய்கிறது. அந்த எண்டாக்ஸிஃபென் அளவு சுமார் 12 சதவீதம் குறைந்துவிட்டது! சிறிய ஆய்வுதான். எல்லோருக்கும் ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே அளவு குறைவாக உள்ளவருக்கு இது போதாதா?

பயந்துவிடாதீர்கள். அவர்கள் கொடுத்தது தினம் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு கிராமுக்கு மேல் குர்குமின். நம் சாம்பாரிலும் ரசத்திலும் விழுகிற சிட்டிகை மஞ்சளும் நாலு மிளகும் அந்தக் கணக்கில் வராது. சமையல் சமையலாக நடக்கட்டும். கேப்சூல்தான் வேண்டாம்.

அதேபோல, பெண்களுக்கான லேகியங்கள், 'ஹார்மோனைச் சமன் செய்யும்' பொடிகள். அதிமதுரம் போன்ற சில மூலிகைகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஓரளவு பொருந்தக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. பொருந்தியபின் அவை துணைப் புரதங்களை வரவேற்குமா, விரட்டுமா? அது செல்லுக்குச் செல் மாறும் என்று இப்போதுதானே பார்த்தோம். ஈ.ஆர். பாசிட்டிவ் நோயாளிக்குக் குத்துமதிப்பாக இவற்றைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. என் சக வைத்தியர்களுக்கும் அந்தத் துணிவு வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பக்கம் மட்டும்தான் குறை என்று நினைக்காதீர்கள். மனச்சோர்வுக்குத் தருகிற பராக்ஸிடின், ஃப்ளுஆக்ஸிடின் மாத்திரைகளும் எண்டாக்ஸிஃபென் அளவைக் குறைக்கும். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், எந்த வைத்தியரிடம் போனாலும், நீங்கள் சாப்பிடுகிற அத்தனையையும் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டுங்கள். "திட்டுவாரோ" என்று மறைக்காதீர்கள். திட்டு வாங்கினால் பரவாயில்லை, நோயைத் திரும்ப வாங்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

* மார்பில் கட்டி தென்பட்டால் பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். என்னிடம் வந்தாலும் முதலில் பரிசோதனைக்குத்தான் அனுப்புவேன்.

* பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரப்பதிவுத் தாள் மாதிரி பாதுகாத்து வையுங்கள்.

* ஏற்பியே இல்லாத கட்டிகளுக்கு இந்த மாத்திரை தருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தரவில்லையே என்று ஒப்பிட வேண்டாம்.

* டமாக்ஸிஃபென் சாப்பிடும்போது மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் - இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* குழந்தை பெறும் வயதுள்ளவர்கள் இந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் ஆகக் கூடாது. ஹார்மோன் இல்லாத தடுப்பு முறை எது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* தாங்க முடியாத உபாதை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மாற்றுவார், நேரத்தை மாற்றுவார், துணை மருந்து தருவார். நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடாது.

"அப்ப உங்களுக்கு இதில் வேலையே இல்லையா வைத்தியரே?" என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? உணவு, உறக்கம், நடைப்பயிற்சி, மலச்சிக்கல், மனக்கலக்கம் - இவற்றில் நான் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆனால் அந்த மாத்திரைக்குப் பக்கத்தில் நின்று செய்வேன். அதன் இடத்தில் நின்று செய்ய மாட்டேன்.

ஆசிரியையிடம் இதையெல்லாம் தேர்க் கதையாகவே சொன்னேன். வகுப்பறையில் பிள்ளைகள் கேட்கிற மாதிரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். அவருடைய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரவு மெல்லிய பருத்தி உடை, காரமும் காபியும் குறைவு, காலையில் அரை மணி நடை என்று சொன்னேன். மருந்து ஒன்றும் எழுதவில்லை.

வாசல் வரை போன மகள் திரும்பி வந்தாள். "சார், அம்மா ஏற்கெனவே ரெண்டு வாரமா மாத்திரை போடலை. உங்ககிட்ட சொல்ல பயந்துட்டாங்க."

"பரவாயில்லம்மா. டாக்டருக்கு இப்பவே போன் போட்டு அதையும் சொல்லிடு. அவர் சரின்னா இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சுடலாம்" என்றேன். என் மேஜையிலிருந்தே போன் செய்தாள். சரி என்று பதில் வந்தது.

உங்கள் வீட்டிலும், தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். மாத்திரை டப்பா அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். போய்க் கேளுங்கள். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள்.